ஆசிரியரின் பொறுப்பும் பாதுகாப்பும்: பெற்றோரும் ஜமாஅத்தும் அறிந்திருக்க வேண்டிய சட்டங்கள்

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், பழவேற்காடு ஏரியை ஒட்டி அமைந்துள்ள மீனவக் கிராமங்களில் ஒன்று பசியாவரம். நெடுங்காலம் படகை நம்பியே வெளியூர் போய்வந்த ஊர். இதுபோன்ற ஊர்களில் தந்தை விடியும் முன்பே இறாலுக்கும் நண்டுக்கும் ஏரியில் இறங்கிவிடுவார். தாய் கூடையோடு சந்தைக்குப் போய்விடுவார். பகல் முழுவதும் பிள்ளைக்குப் பெரியவர் என்று இருப்பவர் பள்ளி ஆசிரியர்தான்.

அந்த ஆசிரியர் பிள்ளையை அடித்தால் பெற்றோர் என்ன செய்வது? புகார் சொன்னால் இருக்கிற ஒரு வாத்தியாரும் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவாரோ என்ற பயம். ஆசிரியருக்கோ வேறு பயம். சற்றுக் கடிந்து பேசினாலே காவல் நிலையம் வரை போய்விடுமோ என்று ஒதுங்கி நிற்கிறார். இரண்டு பயங்களுக்கும் நடுவில் நட்டப்படுவது பிள்ளையின் படிப்பு.

சட்டத்தில் இரு தரப்புக்குமே வழி இருக்கிறது. ஆசிரியர் எதைச் செய்தே ஆக வேண்டும், எதைச் செய்யவே கூடாது, அவர்மீது பொய்ப் புகார் வந்தால் யார் காப்பாற்றுவார், பெற்றோர் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம். பள்ளிக்கூடத்திற்கு மட்டுமன்றி நம் மக்தப் மதரஸாக்களுக்கும் இதில் பல செய்திகள் உண்டு.

ஆசிரியரின் அடிப்படைக் கடமைகள்

6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது:

1. தவறாமல், நேரம் தவறாமல் பள்ளிக்கு வர வேண்டும்.
2. பாடத்திட்டத்தைக் குறித்த காலத்துக்குள் முடிக்க வேண்டும்.
3. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் அறிந்து, பின்தங்கிய பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும்.
4. பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, முன்னேற்றம் பற்றிப் பேச வேண்டும்.

மூன்றாவது கடமையைப் பெற்றோர் நன்றாகக் கவனிக்க வேண்டும். "உங்கள் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்று ஆசிரியர் சொல்லி முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. ஏறும்வரை கூடுதலாகச் சொல்லித்தருவது அவருடைய வேலையின் ஒரு பகுதி. அதற்குத் தனியாகப் பணம் வாங்கவும் கூடாது. 28ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடை செய்கிறது.

இதே சட்டத்தின் அட்டவணைப்படி, ஆண்டுக்கு 1 முதல் 5 வரையான வகுப்புகளுக்குக் குறைந்தது 200 நாட்களும், 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு 220 நாட்களும் பள்ளி நடக்க வேண்டும். ஆசிரியரின் வேலை நேரம் பாடத் தயாரிப்பையும் சேர்த்து வாரத்திற்கு 45 மணி.

கடமையைச் சுமத்திய சட்டம், அதை நிறைவேற்றத் தேவையான ஆள்பலத்தையும் சொல்கிறது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை 3 பேர். 91 முதல் 120 வரை 4 பேர். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் காலியிடம் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது 26ஆம் பிரிவு. ஆகவே ஐந்து வகுப்புகளையும் ஒரே ஆசிரியர் கட்டி மேய்க்கும் நிலை எந்த ஊரில் இருந்தாலும், கோபப்பட வேண்டியது அந்த ஆசிரியர்மீது அல்ல. ஆள் அனுப்பாத நிர்வாகத்திடம் ஊரும் ஆசிரியரும் சேர்ந்தே கேட்க வேண்டும்.

அடி குறித்துச் சட்டம்

"அடியாத மாடு படியாது" என்பது நம்மிடையே புழங்கும் பழமொழி. "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று சொல்லிப் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவந்த தலைமுறையும் உண்டு. ஆனால் பெற்றோரே அனுமதி கொடுத்தாலும் ஆசிரியர் அடிக்க முடியாது என்பதே இன்றைய சட்டம்.

தமிழ்நாடு கல்வி விதிகளில் 51ஆம் விதி ஒரு காலத்தில் பிரம்படிக்கு இடம் தந்தது. 2003இல் அந்த விதி திருத்தப்பட்டு, உடல்ரீதியான தண்டனை தடை செய்யப்பட்டது. பின்னர் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. வெயிலில் நிறுத்துவது, முட்டி போட வைப்பது, சக மாணவர் முன்னிலையில் குடும்பத்தையோ தொழிலையோ சொல்லி இழிவுபடுத்துவது எல்லாம் இந்தத் தடைக்குள் வரும். மீறுபவர்மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட உடல் தண்டனை ஒழிப்பு வழிகாட்டுதல்களைத் தமிழகப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்துமாறு 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

துறை நடவடிக்கையோடு இது முடிவதில்லை. அடியால் காயம் ஏற்பட்டால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 115ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. எலும்பு முறிவு, பார்வை இழப்பு போன்ற கொடுங்காயமானால் 117ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை போகும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, தன் பொறுப்பில் இருக்கும் குழந்தையைக் கொடுமைப்படுத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. குழந்தைகளின் பராமரிப்பு ஒப்படைக்கப்பட்ட நிறுவனத்தின் ஊழியரோ நிர்வாகியோ இதைச் செய்தால் 5 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

மதத்தின் பெயரால் மாணவர் அவமதிக்கப்பட்ட வழக்கு ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். 2023 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசம் முசாஃபர்நகர் மாவட்டத்தில், ஒரு முஸ்லிம் சிறுவனைச் சக மாணவர்களைக் கொண்டே அறையச் செய்த ஆசிரியையின் காணொளி நாடெங்கும் பரவியது. வழக்கு உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. சமூக அடையாளத்தைக் காட்டி ஒரு மாணவனைத் தண்டிக்கும் இடத்தில் தரமான கல்வி இருக்க முடியாது என்று நீதிமன்றம் கருதியது. கல்வி உரிமைச் சட்டத்தைச் செயல்படுத்தத் தவறிய பொறுப்பு மாநில அரசுக்கு உண்டு என்றும், அச்சிறுவனுக்கு உளவியல் ஆலோசனையும் வேறு பள்ளியில் கல்வியும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் கூறியது.

அந்த வழக்கில் சமுதாயத்திற்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. காணொளியைப் பகிர்ந்து சிறுவனின் அடையாளத்தை வெளிப்படுத்தியதாக ஒரு பத்திரிகையாளர்மீது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்கீழ் வழக்குப் பதியப்பட்டது. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகம், பள்ளி, தெரு ஆகியவற்றை வெளியிடுவது குற்றம். நல்ல எண்ணத்தில் ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படத்தை அனுப்பினாலும் வினை வரலாம். ஆதாரத்தை அதிகாரியிடம் கொடுங்கள். ஊருக்குள் சுற்றவிட வேண்டாம்.

மதரஸாவுக்கு விலக்கு உண்டா?

கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், மதரஸா, வேத பாடசாலை போன்ற, முதன்மையாகச் சமயக் கல்வி தரும் நிறுவனங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, அரசியல் சாசனத்தின் 30ஆம் விதியின்கீழ் வரும் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் அச்சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது.

இதைப் பிள்ளைகளை அடிக்கக் கிடைத்த அனுமதியாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே சொன்ன நியாய சன்ஹிதா, இளைஞர் நீதிச் சட்டம், அடுத்து வரப்போகும் போக்சோ ஆகியவை இடம் பார்த்துப் பொருந்துபவை அல்ல. அரசுப் பள்ளி, சிறுபான்மைப் பள்ளி, மாலை நேர மக்தப், ஹிஃப்ழு விடுதி எல்லாவற்றுக்கும் அவை பொருந்தும். விடுதி நடத்தும் நிர்வாகத்துக்குப் பொறுப்பு இன்னும் கூடுதல்.

மார்க்க அறிஞர்களும் இதைச் சொல்லாமல் விடவில்லை. இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யா உலூமித்தீன் நூலில், ஆசிரியர் மாணவரைத் தம் பிள்ளைபோல் கருத வேண்டும் என்றும், தவறைக் கடுமையாக வெளிப்படுத்தாமல் குறிப்பால் உணர்த்தித் திருத்த வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறார். 14ஆம் நூற்றாண்டின் வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில், கடுமையால் வளர்க்கப்படும் மாணவன் உற்சாகம் இழக்கிறான், அடிக்குப் பயந்து பொய்யும் வஞ்சகமும் பழகுகிறான் என்று விளக்குகிறார். பிள்ளை என்பது அமானிதம். அதை ஒப்படைத்தவரிடம் பழுதில்லாமல் திருப்பித் தருவது உஸ்தாதுக்கும் வாத்தியாருக்கும் பொதுவான கடமை.

நீரும் நெருப்பும்: உயிர் காக்கும் பொறுப்பு

ஏரியும் கடலும் சூழ்ந்த ஊர்களுக்கு இது மிக முக்கியமானது. பள்ளி நேரத்தில் பிள்ளையின் உயிருக்குப் பள்ளியே பொறுப்பு. கவனமுள்ள ஒரு பெற்றோர் எந்த அளவு விழிப்போடு இருப்பாரோ அந்த அளவு விழிப்பை ஆசிரியரிடம் சட்டம் எதிர்பார்க்கிறது.

1995இல் பதான்கோட் பகுதியைச் சேர்ந்த டல்ஹௌசி பப்ளிக் பள்ளியின் மாணவர்கள் சுற்றுலா சென்றபோது, 14 குழந்தைகள் பியாஸ் ஆற்றில் மூழ்கி இறந்தனர். உடன் சென்ற ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி நிர்வாகமும் பொறுப்பு என்று 2001இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒவ்வொரு குழந்தையின் குடும்பத்திற்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்ன உயர்நீதிமன்ற உத்தரவையும் உறுதி செய்தது.

பழவேற்காட்டிலேயே 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இப்பகுதி மக்கள் மறக்க மாட்டார்கள். அது பள்ளிச் சுற்றுலா அல்ல. ஆனால் படகில் பிள்ளைகளை ஏற்றும் எந்தப் பள்ளிக்கும் அது எச்சரிக்கை. மாணவரைப் படகில் அழைத்துச் செல்ல நேர்ந்தால், பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம், உயிர்காப்பு உடுப்பு, அளவுக்கு மீறாத ஆள் எண்ணிக்கை, தலை எண்ணி ஏற்றித் தலை எண்ணி இறக்குதல் ஆகியவற்றில் ஒன்றையும் விடக் கூடாது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைப் பள்ளியில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். 2014 ஜூலையில் தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்மானித்தது. அவர்களில் நிறுவனர், தாளாளர், தலைமையாசிரியர், சத்துணவுப் பணியாளர்கள், கல்வித் துறையினர் என எல்லா மட்டத்தவரும் இருந்தனர். பின்னர் மேல்முறையீட்டில் சிலர் விடுவிக்கப்பட்டனர். ஆயினும், பாதுகாப்பற்ற கட்டடம் என்று தெரிந்தும் பேசாமல் இருப்பவர் குற்றவாளிக் கூண்டில் ஏற நேரலாம் என்பதை அவ்வழக்கு காட்டியது. ஆகவே சுவர் விரிசல், தொங்கும் மின்கம்பி, மூடப்படாத கிணறு எதுவானாலும் ஆசிரியர் எழுத்து மூலம் மேலதிகாரிக்குத் தெரிவித்து, நகலை வைத்துக்கொள்வது பிள்ளைக்கும் அவருக்கும் பாதுகாப்பு.

போக்சோ: ஊர்க் கூட்டத்தில் பேசி முடிக்க முடியாது

18 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் குழந்தைகள் அனைவரையும் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம் போக்சோ. 2012இல் இயற்றப்பட்டது. கல்வி நிறுவனத்தின் ஊழியரோ நிர்வாகியோ இக்குற்றத்தைச் செய்தால், அதைத் தீவிரமான குற்றமாகக் கருதிக் கூடுதல் தண்டனை விதிக்கிறது.

இச்சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு எதிராக இத்தகைய குற்றம் நடந்துள்ளது என்று அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் 21ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பாளர் தம் கீழ் பணியாற்றுபவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. "பள்ளியின் பெயர் கெட்டுவிடும்", "மதரஸாவின் பெயர் கெட்டுவிடும்" என்று தலைமையாசிரியரோ முத்தவல்லியோ மூடி மறைத்தால் அவரே குற்றவாளியாகிறார். மறுபக்கம், நல்லெண்ணத்துடன் தகவல் தருபவர்மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ தொடர முடியாது என்றும் அதே 19ஆம் பிரிவு காக்கிறது.

ஊர்ப் பஞ்சாயத்தோ ஜமாஅத்தோ இதில் சமரசம் செய்துவைக்க முடியாது. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர்மீது வந்த போக்சோ வழக்கை, மாணவியின் தந்தையும் ஆசிரியரும் சமரசம் செய்துகொண்டதாகக் கூறியதால் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளிவிட்டு, வழக்கு தொடர்ந்து நடக்க வேண்டும் என்றது. இத்தகைய குற்றம் இரு குடும்பங்களுக்கு இடையிலான தகராறு அன்று, சமூகத்திற்கு எதிரானது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

புகார் கொடுத்தால் பிள்ளையைக் காவல் நிலையத்திற்கு அலைக்கழிப்பார்கள் என்ற அச்சமும் தேவையில்லை. வாக்குமூலம் பிள்ளையின் வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ பதியப்பட வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி பதிய வேண்டும். அவர் சீருடையில் வரக் கூடாது. இரவில் எக்காரணம் கொண்டும் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது.

ஆசிரியருக்குள்ள பாதுகாப்புகள்

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, "எல்லாச் சட்டமும் ஆசிரியருக்கு எதிராகத்தான் இருக்கிறது" என்று யாரும் நினைக்க வேண்டாம். பொறுப்புடன் பணியாற்றும் ஆசிரியருக்குப் பல அரண்கள் உள்ளன.

கண்டிப்பு குற்றமல்ல. பிள்ளையின் நன்மைக்காகத் திட்டுவது, பெற்றோரை அழைத்து வரச் சொல்வது, தலைமையாசிரியரிடம் தெரிவிப்பது ஆகியவை ஆசிரியரின் பணிக்குள் வருபவை. ஒரு மாணவரின் தற்கொலையை ஒட்டி உடற்கல்வி ஆசிரியர்மீது பதியப்பட்ட வழக்கை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தொடர்ச்சியான துன்புறுத்தல் என்று குறிப்பான குற்றச்சாட்டு இல்லாதபோது, ஒழுங்குக்காகக் கண்டித்தது தற்கொலைக்குத் தூண்டியதாகாது என்று அது விளக்கியது.

கைது தானாக நடப்பதில்லை. 7 ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் தேவையின்றிக் கைது செய்யக் கூடாது, முதலில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும் என்பது 2014இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குட்பட்ட தண்டனை உள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியுடன் 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தி, முகாந்திரம் உண்டா என்று பார்க்கப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு வழி செய்கிறது. பணியின் பேரில் ஆசிரியர்மீது வரும் புகார்களில் இந்த வழியைப் பின்பற்ற வேண்டும் என்று 2025 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றம் வலியுறுத்தியது.

பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு. ஒருவரை அவமானப்படுத்தவோ, மிரட்டவோ, பணம் பறிக்கவோ போக்சோவில் பொய்ப் புகார் தருபவருக்கு 22ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை. ஆனால் பொய் சொன்னது குழந்தையாக இருந்தால் குழந்தைக்குத் தண்டனை இல்லை. சொந்தப் பகைக்காகப் பிள்ளையின் வாயில் வார்த்தையை ஏற்றும் பெரியவர்களே மாட்டுவார்கள்.

விளக்கம் கேட்காமல் தண்டிக்க முடியாது. 24ஆம் பிரிவின்கீழ் நடவடிக்கை எடுக்கும் முன் ஆசிரியருக்கு விளக்கமளிக்க வாய்ப்புத் தர வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியருக்கு அரசியல் சாசனத்தின் 311ஆம் விதியின் காப்பு உண்டு. சிறு தண்டனைக்கு 17(அ), பெருந்தண்டனைக்கு 17(ஆ) என்று குற்றக் குறிப்பாணை தரப்பட்டு, விசாரணை நடந்த பிறகே தண்டனை. இடைநீக்கத்திலேயே ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதும் செல்லாது. குற்றக் குறிப்பாணை தராமல் 3 மாதத்திற்குமேல் இடைநீக்கத்தை நீட்டிக்கக் கூடாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

அரசுப் பள்ளி ஆசிரியர் பொது ஊழியர். பணியில் இருக்கும் அவரைத் தடுக்கும் நோக்கில் தாக்குவது நியாய சன்ஹிதாவின் 132ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆத்திரத்தில் ஊரைத் திரட்டிக்கொண்டு பள்ளிக்குள் நுழைந்து கைநீட்டும் பெற்றோர், தம் நியாயமான புகாரையும் இழந்து தாமே குற்றவாளியாகிறார்.

வேறு வேலைகளுக்கு வரம்பு உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர்த்த மற்றக் கல்வி சாராப் பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது 27ஆம் பிரிவு. வாக்காளர் பட்டியல் பணியைக்கூட விடுமுறை நாட்களிலும் பாடமில்லாத நேரத்திலும்தான் தர வேண்டும் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

தனியார், சிறுபான்மைப் பள்ளி ஆசிரியர்கள்

நம் சமுதாயப் பெண்கள் பலர் தனியார் பள்ளிகளிலும், சமுதாய அமைப்புகள் நடத்தும் பள்ளிகளிலும் குறைந்த சம்பளத்தில் பணியாற்றுகிறார்கள். அவர்களின் உரிமைகள் பெரும்பாலும் அவர்களுக்கே தெரிவதில்லை.

ஆசிரியர் தொழில் தகராறு சட்டத்தின்படி "தொழிலாளி" அல்லர் என்று 1988இல் உச்ச நீதிமன்றம் கூறியதால், பணிநீக்கத்திற்கு எதிராகத் தொழிலாளர் நீதிமன்றம் செல்வது கடினம். அதனால் உரிமையே இல்லை என்றாகாது. தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் முறைப்படுத்தும் சட்டமும் 2023ஆம் ஆண்டின் விதிகளும் பள்ளி நிர்வாகத்தைக் கட்டுப்படுத்துகின்றன. 20 பேரோ அதற்குமேலோ பணியாற்றும் பள்ளியில் வருங்கால வைப்பு நிதி உண்டு. 5 ஆண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்குப் பணிக்கொடை உண்டு. 2009இல் கொண்டுவந்த திருத்தத்தின் மூலம் 1997 ஏப்ரல் 3 முதலே தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் அந்த உரிமை தரப்பட்டது. பள்ளி நிர்வாகங்கள் தொடுத்த வழக்கைத் தள்ளுபடி செய்து 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அசல் சான்றிதழ்களைப் பிணைபோல வைத்துக்கொள்ளவும் நிர்வாகத்திற்கு உரிமை இல்லை.

சிறுபான்மை உரிமை என்பது நிறுவனத்தை நடத்தும் உரிமை. ஆசிரியரை வஞ்சிக்கும் உரிமை அல்ல. அரசு உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளி ஆசிரியர்களின் ஊதியத்தையும் பணி நிலைமைகளையும் சட்டம் முறைப்படுத்தலாம் என்று 1986இல் ஃபிராங்க் ஆண்டனி பள்ளி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, பணியில் உள்ள ஆசிரியர்களும் இத்தேர்வில் தேற வேண்டும். ஓய்வுக்கு 5 ஆண்டுக்குமேல் உள்ளவர்களுக்கு 2 ஆண்டு அவகாசம். 5 ஆண்டுக்குக் குறைவாக உள்ளவர்கள் தேறாமலும் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது.

பணியிடத்தில் பாலியல் தொந்தரவுக்கு ஆளாகும் ஆசிரியைக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது. 10 பேரோ அதற்குமேலோ பணியாற்றும் பள்ளியில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். சிறிய பள்ளியானாலோ, புகார் நிர்வாகியின்மீதே ஆனாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுகலாம். 3 மாதத்திற்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும்.

பிரச்சினை வந்தால் என்ன செய்வது?

பெற்றோருக்கு:

பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். நீங்களாக வார்த்தை எடுத்துக் கொடுக்க வேண்டாம். தேதி, நேரம், சொன்னது ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். காயம் இருந்தால் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று பதிவு செய்யுங்கள்.

சாதாரணக் குறைகளுக்கு முதலில் ஆசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் பேசுங்கள். தீராவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுவில் வையுங்கள். அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் பெண்கள் அதில் இடம்பெற்றுத் தவறாமல் கூட்டத்திற்குச் செல்வது நல்லது. அதற்கும் மேலே வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர் உள்ளனர். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

கடுமையான அடி, பாலியல் குற்றம் என்றால் இந்தப் படிகளுக்குக் காத்திருக்க வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள், அல்லது நேராகக் காவல் நிலையம் செல்லுங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச உதவி தருகிறது. அதன் எண் 15100.

ஆசிரியருக்கு:

மாணவரோடு தனி அறையில் கதவடைத்துப் பேச வேண்டாம். பள்ளி விஷயத்தைப் பெற்றோரின் எண்ணுக்கே அனுப்புங்கள், பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்புவதைத் தவிருங்கள். ஒழுங்கீனம் நடந்தால் குறிப்பேட்டில் எழுதித் தலைமையாசிரியரின் கையொப்பம் பெறுங்கள். பெற்றோரைச் சந்தித்ததையும் எழுதி வையுங்கள். உங்கள்மீது புகார் வந்தால் புகார் தந்த வீட்டிற்குப் போய்ச் சமாதானம் பேச வேண்டாம். அது மிரட்டலாகத் திரிக்கப்படலாம். குறிப்பாணை வந்தால் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் தந்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு:

மக்தபில் உஸ்தாதை நியமிக்கும்போது அவர் முன்பு பணியாற்றிய இடத்தில் விசாரியுங்கள். பிள்ளைகள் ஓதும் இடம் வெளியிலிருந்து பார்வைக்குத் தெரியும்படி இருக்கட்டும். பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாம் என்று அறிவியுங்கள். உஸ்தாதுக்கு வாழப் போதுமான சம்பளத்தைத் தாமதமின்றித் தருவதும் இப்பொறுப்பில் சேர்ந்ததே. பிள்ளையின் உடலுக்கோ மானத்துக்கோ தீங்கு நேர்ந்ததாகப் புகார் வந்தால், பள்ளிவாசல் அறையில் வைத்து முடிக்காமல் அன்றே காவல் துறைக்குத் தெரிவியுங்கள்.

ஏரிக்கரைக் கிராமமானாலும் பெருநகரமானாலும் ஒரு பிள்ளைக்கு ஆசிரியர் கிடைப்பது பெரும் நிஃமத். அவரை மதிப்பதற்காகப் பிள்ளையின் வலியை மறைக்க வேண்டியதில்லை. பிள்ளையைக் காப்பதற்காக ஆசிரியரை அவமதிக்க வேண்டியதும் இல்லை. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும், மஹல்லா கூட்டத்திலும் இந்தச் செய்திகளை எடுத்துப் பேசுங்கள். உதவி எண்களை எழுதிப் பள்ளியிலும் மதரஸாவிலும் பிள்ளைகளின் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டி வையுங்கள்.